அத்தாட்சி கேட்கலாமா?

சூரத்துல் பகராவின் 260-ஆம் வசனத்தை மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கும்பொழுதெல்லாம் வகுப்பில் ஓர் அமைதி நிலவுவதைக் கண்டிருக்கிறேன். இறந்தவர்களை எவ்விதம் உயிர்ப்பிக்கிறாய் என்பதைத் தமக்குக் காட்டுமாறு நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனிடம் வேண்டுகிறார்கள். அதில் நம்பிக்கை இல்லையா என்று இறைவன் வினவுகிறான். நம்பிக்கை உண்டு என்றும், உள்ளம் அமைதி பெறுவதற்காகவே கேட்பதாகவும் அவர்கள் மறுமொழி பகர்கிறார்கள். வல்ல நாயன் சினம் கொள்ளவில்லை. நான்கு பறவைகளைக் கொண்டு காட்டிக் கொடுக்கிறான்.

பல ஆண்டுகளுக்கு முன் இந்த வசனத்தை ஓதிய ஒரு நாளில் மாணவன் ஒருவன் எழுந்தான். "ஹஜ்ரத், நபியே கேட்டிருக்கிறார்களே! நம் மனத்தில் அப்படி ஒரு கேள்வி வந்தால் அது மட்டும் ஏன் குற்றம்?" என்றான். அவனுடைய தந்தை மௌத்தாகி மூன்று மாதங்கூட நிறையவில்லை. அதனை அறிந்திருந்தும் நான், "அது நபிமார்களுக்கு உரிய நிலை. உனக்கு வந்திருப்பது ஷைத்தானின் வஸ்வஸா. உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அவன் உட்கார்ந்தான். பாடங்களை ஒழுங்காக முடித்துக்கொண்டுதான் மத்ரஸாவை விட்டுச் சென்றான். ஆனால் அதன்பின் என்னிடம் அவன் எதையுமே கேட்டதில்லை. அந்த மௌனத்தை அன்று நான் அதப் என்று எண்ணினேன். அஃது அதப் அன்று என்பது காலம் கடந்தே விளங்கிற்று.

அவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை எழுத முயல்கிறேன். இதற்காக நான் சிறிது தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. அத்தாட்சி கேட்டவர்களின் வரலாறு, பனூ இஸ்ராயீல்களின் பழைய வேத ஏடுகளில் மிகுந்து கிடக்கிறது. அந்த ஏடுகள் இன்றிருக்கும் நிலையில் அவற்றை முழுமையாக மெய்ப்படுத்தவும் வேண்டா, பொய்ப்படுத்தவும் வேண்டா என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டிய நெறி. அந்த வரம்புக்குள் நின்று, படிப்பினைக்காக மட்டும் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கையும் கேள்வியும் அடுத்தடுத்து

யூதர்களின் வேதத்தில் முதல் நூலாகிய ஆதியாகமத்தின் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். மகப்பேறு இல்லாத முதுமையில் இருக்கும் நபி இப்ராஹீமுக்கு, விண்மீன்களைப் போன்று எண்ணிறந்த சந்ததி உண்டாகும் என்று இறைவன் வாக்களிக்கிறான். அவர் அதனை நம்பினார் என்று 6-ஆம் வசனம் கூறுகிறது. இந்த நிலம் தமக்கு உரிமையாகும் என்பதை எதனால் அறிவேன் என்று அவர் கேட்டதாக 8-ஆம் வசனம் கூறுகிறது. இடையில் இருப்பது ஒரே ஒரு வசனந்தான்!

6-ஆம் வசனத்தில் நம்பினார் என்பதற்கு எபிரேய மொழியில் வரும் வினைச்சொல், நம்முடைய ஈமான், அமானத், ஆமீன் ஆகிய சொற்கள் பிறந்த அதே அலிப்-மீம்-நூன் என்னும் வேரிலிருந்து வந்தது. அசையாமல் நிலைத்திருத்தல், அச்சமற்றிருத்தல் என்பதே அந்த வேரின் பொருள். அடையாளத்திற்கு எபிரேயர் வழங்கும் 'ஓத்' என்ற சொல்லும் நம்முடைய 'ஆயத்' என்ற சொல்லுக்கு உறவுடையதே. ஈமான் என்று சொல்லப்பட்ட மனிதரே ஆயத்தைக் கேட்டார் என்று அந்த ஏடு கூசாமல் எழுதி வைத்திருக்கிறது.

யூத அறிஞர்களுக்கு இஃது எளிதாக இருக்கவில்லை. தல்மூதின் நெதாரீம் என்னும் பகுதியில், இப்ராஹீமின் சந்ததியினர் எகிப்தில் 210 ஆண்டுகள் அடிமைப்பட நேர்ந்தது ஏன் என்று ஒரு விவாதம் வருகிறது. எதனால் அறிவேன் என்று கேட்டு எல்லை கடந்ததே காரணம் என்பது ஆங்கே சாமுவேல் என்ற அறிஞரின் கருத்து. வேறு சிலரோ, எந்தத் தகுதியினால் இந்தப் பேறு எனக்குக் கிடைக்கிறது என்றுதான் அவர் கேட்டார் எனப் பணிவின் பக்கமாக விளக்கினர். ஒரே கேள்வியை ஒருவர் துடுக்காகவும் மற்றவர் பணிவாகவும் கேட்டார்கள்! சொல்லை மட்டும் வைத்து உள்ளத்தை அளக்க முடியாது என்பதற்கு இதுவே ஒரு சான்று.

களத்தில் விரித்த ஆட்டுத்தோல்

அத்தாட்சி கேட்டவர்களில் பெயர் பெற்றவர் கிதியோன். திருமறையில் இவர் பெயர் இல்லை. நியாயாதிபதிகள் என்னும் நூலின் 6, 7, 8 ஆகிய மூன்று அதிகாரங்களில் இவருடைய வரலாறு விரிகிறது. மீதியானியர் என்ற கூட்டத்தார் ஏழு ஆண்டுகளாக இஸ்ரவேலரின் விளைச்சலையெல்லாம் சூறையாடி வந்த காலம் அது. பகைவர் கண்ணில் படாதிருக்கத் திராட்சை பிழியும் தொட்டியின் அருகே ஒளிந்து நின்று கோதுமை அடித்துக்கொண்டிருந்தார் கிதியோன். அப்போது வந்த வானவர் அவரைப் பராக்கிரமசாலி என்று அழைத்து, இறைவன் உம்மோடு இருக்கிறான் என்று வாழ்த்துகிறார். கிதியோனின் உள்ளம் வெடிக்கிறது. இறைவன் எங்களோடு இருந்தால் இத்துணைத் துன்பமும் ஏன் வந்தது? எங்கள் தந்தையர் கதை கதையாய்ச் சொன்ன அற்புதங்கள் எங்கே? என்ற கருத்தில் அவர் வினவுகிறார்.

அந்தக் கேள்விக்கு விடை தரப்படவில்லை. உனக்கு இருக்கும் இந்த வலிமையோடு புறப்படு என்ற கட்டளையே கிடைக்கிறது. கேள்விக்கு விடை சொல்லாமல் கேட்டவனிடம் வேலையை ஒப்படைப்பது அந்த ஏட்டில் பலமுறை காணும் வழக்கம்.

கிதியோன் ஓர் அடையாளம் கேட்கிறார். அவர் படைத்த இறைச்சியையும் அப்பத்தையும் பாறையிலிருந்து எழுந்த நெருப்பு உண்டுவிடுகிறது. அன்றிரவே தம் தந்தையின் பாகால் பீடத்தை இடித்துத் தள்ளுகிறார். பகலில் செய்ய அஞ்சி இரவில் செய்தார் என்பதையும் அந்த நூல் மறைக்கவில்லை. பின்னர் எக்காளம் ஊதிப் படை திரட்டுகிறார். படை திரண்டு நின்ற பிறகுதான் மீண்டும் அச்சம் பிடிக்கிறது. மயிர் அடர்ந்த ஆட்டுத்தோல் ஒன்றைக் களத்தில் விரித்து, விடியற்காலையில் தோல் மட்டும் பனியால் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார். அவ்வாறே ஆயிற்று. தோலைப் பிழிந்தபோது ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வந்தது.

ஆட்டு ரோமம் இயல்பாகவே பனியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெறுந்தரை விரைவில் காய்ந்துவிடும். இது தற்செயலாக இருக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு எழுந்திருக்கக் கூடும். எனவே, சினம் கொள்ள வேண்டா, இன்னும் ஒரு முறை மட்டும் என்று கெஞ்சி, இம்முறை தோல் காய்ந்து தரை நனைந்திருக்குமாறு வேண்டுகிறார். அதுவும் நடந்தது. ஒரு கடிந்துரை கூட இல்லை. போருக்கு முந்திய இரவில் அவர் கேளாமலேயே மேலும் ஓர் அடையாளம் அருளப்படுகிறது. உனக்கு அச்சமாக இருந்தால் உன் பணியாளனை உடன் அழைத்துக்கொண்டு பகைவர் பாசறைக்குச் சென்று அவர்கள் பேசுவதைக் கேள் என்று ஏவப்படுகிறார். அங்கே ஒருவன் தான் கண்ட கனவைச் சொல்கிறான். வாற்கோதுமை அப்பம் ஒன்று உருண்டு வந்து கூடாரத்தைக் கவிழ்த்ததாம்! அதைக் கேட்டதும் கிதியோன் நெற்றி தரையில் படப் பணிந்துவிட்டுத் தம் மக்களிடம் திரும்புகிறார்.

அவருடைய படை சுருக்கப்பட்ட விதமும் நோக்கத்தக்கது. 32,000 பேரில் அஞ்சியவர்கள் திரும்பலாம் என்று அறிவித்தவுடன் 22,000 பேர் சென்றுவிட்டனர். எஞ்சிய 10,000 பேர் நீர்நிலையில் தண்ணீர் அருந்திய விதத்தைக் கொண்டு சோதிக்கப்பட்டு, 300 பேரே நிலைத்தனர். திருமறையில் தாலூத்தின் படை ஆற்று நீரால் சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி (2:249) நம் வாசகர்களுக்கு நினைவுக்கு வரும். தாலூத்துடன் ஆற்றைக் கடந்தவர்களின் தொகை பத்ரில் நின்ற ஸஹாபாக்களின் தொகையாகிய முந்நூற்றுப் பத்துக்கும் சற்று மேற்பட்டது என்று புகாரீ ஷரீபில் அறிவிப்பு உண்டு. அடையாளங்களை மேன்மேலும் கேட்ட கிதியோனிடமிருந்து எண்ணிக்கை என்ற ஊன்றுகோலை இறைவன் மேன்மேலும் எடுத்துக்கொண்டான். அத்தாட்சி பெற்றதனால் அவருடைய பாதை எளிதாகிவிடவில்லை.

கேட்டவர்களும் கேட்க மறுத்தவனும்

கேட்பதெல்லாம் நன்றென்றால், கேட்டவர்கள் தண்டிக்கப்பட்டது ஏன்? எகிப்திலிருந்து மீண்ட இஸ்ரவேலர், பாலைவனத்தில் தண்ணீர் இல்லாதபோது இறைவன் நம் நடுவில் இருக்கிறானா இல்லையா என்று வாதாடினர். அந்த இடத்திற்கு மாசா என்று பெயர் வந்தது. சோதனை என்பது அதன் பொருள். அங்குச் செய்ததுபோல் இறைவனைச் சோதிக்காதீர் என்று உபாகமத்தில் விலக்கும் வந்தது. திருமறையோ இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அல்லாஹ்வைக் கண்கூடாகக் காணும்வரை நம்பமாட்டோம் என்று பனூ இஸ்ராயீல்கள் நபி மூஸா (அலை) அவர்களிடம் கூறினர். இடி முழக்கம் அவர்களைப் பற்றிக்கொண்டது (2:55). அல்லாஹ்வைக் காண வேண்டும் என்று நபி மூஸா (அலை) அவர்களும் வேண்டினார்கள். மலை தூளானது, மூர்ச்சித்து விழுந்து எழுந்தார்கள், பின்னர் அவர்களுக்குப் பலகைகள் வழங்கப்பட்டன (7:143-145). வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு கூட்டம் தன் ஈமானுக்கு அதனை நிபந்தனையாக வைத்தது. நபியவர்கள் தம் ஈமானின் வேட்கையால் அதனைக் கேட்டார்கள்.

இனிக் கேட்க மறுத்த ஒருவனைக் காண்போம். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் யூதேயாவை ஆண்ட மன்னன் ஆகாஸ். ஆராம் மன்னனும் வடக்கிலிருந்த இஸ்ரவேல் மன்னனும் சேர்ந்து அவன்மேல் படையெடுத்து வந்தனர். காற்றில் காட்டு மரங்கள் அசைவதுபோல் அவனுடைய உள்ளமும் மக்களின் உள்ளமும் அசைந்தன என்கிறது ஏசாயா என்னும் நூல். நீங்கள் உறுதியாக நம்பாவிட்டால் நிலைத்திருக்க மாட்டீர்கள் என்று ஏசாயா அவனை எச்சரித்தார். எபிரேயத்தில் நம்புதலும் நிலைத்தலும் இங்கே ஒரே வேரிலிருந்து வருகின்றன. நாம் முன்னர்க் கண்ட அதே அலிப்-மீம்-நூன். பாதாளத்தின் ஆழத்திலாவது வானத்தின் உயரத்திலாவது உனக்கு வேண்டிய அடையாளத்தைக் கேள் என்றும் அழைப்பு விடுக்கப்பட்டது. ஆகாஸ் மறுத்தான். இறைவனைச் சோதிக்கமாட்டேன் என்றான்!

எத்துணை மார்க்கப் பற்றுள்ள விடை! உபாகமத்தின் விலக்கையே அவன் எடுத்தாண்டான். ஆனால் ஏசாயா அவனைப் பாராட்டவில்லை. மனிதரைச் சலிப்பித்தது போதாதென்று இறைவனையும் சலிப்பிக்கிறாயா என்ற பொருள்படக் கடிந்தார். காரணம் இராஜாக்கள் நூலில் கிடைக்கிறது. ஆகாஸ் நம்பியது அசீரிய மன்னன் திகிலாத்பிலேசரை. இறைவனின் ஆலயத்திலிருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அவனுக்குக் கையுறையாக அனுப்பியவன் அவன். அடையாளம் வந்துவிட்டால் அதற்குக் கீழ்ப்படிய நேருமே என்பதனால்தான் அவன் கேட்க அஞ்சினான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவனுடைய மகன் எசேக்கியா இதற்கு நேர்மாறு. சாகும் நோயில் கிடந்தபோது, குணம் உண்டாகும் என்று ஏசாயா கூறியதும், அதற்கு அடையாளம் என்ன என்று கேட்டான். நிழல் பத்துப் படி முன்னே செல்ல வேண்டுமா, பின்னே திரும்ப வேண்டுமா என்று கேட்கப்பட்டது. முன்னே செல்வது எளிது, பின்னே திரும்பட்டும் என்றான். நிழல் பின்னே திரும்பியது என்கிறது அந்த நூல். எந்தப் படிகளில்? ஆகாஸின் படிகள் என்று பெயர் பெற்றிருந்த படிகளில்! அத்தாட்சியை மறுத்த தந்தையின் படிக்கட்டிலேயே மகனுக்கு அத்தாட்சி காட்டப்பட்டது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. நலம் பெற்ற எசேக்கியாவிடம் பாபிலோனியத் தூதர்கள் வந்தபோது, தன் களஞ்சியங்களை எல்லாம் திறந்து பெருமையோடு காட்டினான், அதற்காகக் கண்டிக்கப்பட்டான். கிதியோனின் முடிவும் சிந்தனைக்குரியது. வெற்றிக்குப் பின் மக்கள் அவரை அரசராகுமாறு வேண்டியபோது, ஆள்பவன் இறைவனே என்று மறுத்தார். அந்த மறுப்பு எவ்வளவு உயர்ந்தது! ஆனால் கொள்ளையில் கிடைத்த காதணிகளைக் கேட்டு வாங்கினார். 1,700 சேக்கல் பொன் சேர்ந்தது. அதனைக் கொண்டு ஏபோத் ஒன்று செய்து தம் ஊரில் வைத்தார். ஏபோத் என்பது குருமார் அணியும் ஆடை; இறைவனின் விருப்பத்தைக் கேட்டறிவதற்கும் அது பயன்பட்டது. மக்கள் அந்தப் பொருளின் பின்னே சென்று வழிகெட்டனர். கிதியோனின் குடும்பத்திற்கே அது கண்ணியாயிற்று. ஆட்டுத்தோல் ஓர் இரவின் அச்சத்திற்கு மருந்தாக இருந்தது. அத்தாட்சியை என்றென்றும் கைக்குள் வைத்திருக்க முயன்றபோது அதுவே சிலையாயிற்று.

நம்முடைய இமாம்கள் கண்டது

மீண்டும் திருமறையின் பறவைகளிடம் வருவோம். இப்ராஹீமைவிட ஐயப்பட நாமே அதிகத் தகுதியுடையோர் என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நாம் ஐயப்படவில்லை, எனவே அவர்களும் ஐயப்படவில்லை என்பதே இதன் கருத்து என்று உலமாக்கள் பலர் விளக்கினர். இமாம் தபரீ (ரஹ்) அவர்களோ, அவர்கள் உள்ளத்தில் ஒரு வஸ்வஸா குறுக்கிட்டது என்ற கருத்தின் பக்கம் சாய்ந்தார்கள். பின் வந்தோர் பலர் அதனை ஏற்கவில்லை. கருத்து எவ்வாறாயினும், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இந்த வசனத்தைக் குர்ஆனிலேயே மிகுந்த நம்பிக்கை ஊட்டும் வசனமாகக் கருதினார்கள் என்ற செய்தி நம் தப்ஸீர்களில் உண்டு. அறிதலால் வரும் உறுதி வேறு, காண்பதால் வரும் உறுதி வேறு. இல்முல் யகீனிலிருந்து ஐனுல் யகீனுக்கு ஏற விரும்புகிறவன் ஏணியின் மேற்படியைக் கேட்கிறான். கீழ்ப்படியை உதைத்துத் தள்ளவில்லை.

அவர்கள் நபி, நாம் எளியோர் என்று சொல்லப்படலாம். எளியோருக்கும் ஒரு விடை உண்டு. ஸஹாபாக்களில் சிலர் அண்ணலாரிடம் வந்து, வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் தங்கள் உள்ளங்களில் எழுவதாக முறையிட்டனர். அப்படியா, உணர்ந்தீர்களா என்று கேட்டறிந்த பின், அதுவே தெளிவான ஈமான் என்று அண்ணலார் கூறினார்கள். முஸ்லிம் ஷரீபில் உள்ள இந்த ஹதீஸை நான் எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறேன். இதை ஓதிக் கொடுத்த வாயால்தான் அந்த மாணவனை உட்கார் என்றேன்.

எதற்காகக் கேட்கிறோம்?

கேட்பது குற்றமா என்ற வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. விடை கிடைத்தால் என்ன செய்யப் போகிறாய் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கிதியோன் கேட்டார், கிடைத்ததும் 300 பேருடன் இறங்கினார். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வாழ்வோ முற்றிலும் கீழ்ப்படிதல். ஆகாஸ் கேட்கவில்லை, ஏனெனில் அவன் அசைவதாக இல்லை. பாலைவனத்துக் கூட்டம் கேட்டது. ஒன்றைக் காட்டினால் மற்றொன்றைக் கேட்பதே அவர்கள் வழக்கம்.

நம் இல்லங்களில் நடப்பதையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். மகளின் மணப்பேச்சுக்காக இஸ்திகாரா செய்தும் கனவு ஒன்றும் வரவில்லை என்று ஒரு தந்தை மூன்று முறை என்னிடம் வந்தார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தீர்களா என்றேன். இல்லை என்றார். பெண்ணைக் கேட்டீர்களா என்றேன். அதற்கும் இல்லை என்றார். இஸ்திகாராவை மீண்டும் செய்வதில் குற்றமில்லை. ஆனால் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த துஆவில் கனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இக்காரியம் நன்றானால் எளிதாக்கு, தீதானால் என்னைவிட்டுத் திருப்பு, எது நன்மையோ அதில் என்னைத் திருப்தியடையச் செய் என்பதே அதன் சாரம். துஆச் செய்துவிட்டு விசாரிக்கவும் கலந்து பேசவும் எழுந்து நடக்க வேண்டியவர், நடக்காமலிருப்பதற்குக் கனவை எதிர்பார்த்திருந்தார்.

அன்று அந்தப் பிள்ளை கேட்டது இத்தகைய கேள்வி அன்று. அவன் கபுறுக்குள் வைத்துவிட்டு வந்த தந்தையை மீண்டும் காண்பேனா என்று கேட்டான். இறந்தவர்கள் எவ்விதம் உயிர் பெறுவர் என்ற வசனத்தின்போது, வேறெந்த வசனத்தின்போதுமல்ல, அவன் எழுந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அவன் மார்க்கத்திலிருந்து வெளியேறக் கேட்கவில்லை. உள்ளே நிற்பதற்கு ஒரு பிடி கேட்டான்.

எனவே, பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே! உங்கள் பிள்ளை இவ்வாறு கேட்டால் உடனே வஸ்வஸா என்று முத்திரை குத்திவிடாதீர்கள். எதனால் இந்தக் கேள்வி வந்தது என்று அருகில் அமர்த்தி விசாரியுங்கள். உங்களுக்கு விடை தெரியாதெனில் தெரியாதென்று சொல்லுங்கள். நம் கையில் பறவைகள் இல்லை. அவற்றை உயிர்ப்பிக்க வல்லவன் ஒருவனே. ஆனால் கேட்டவரை விரட்டாமல் விடை தந்தவனும் அவனே என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல நம்மால் முடியும்.

அந்த மாணவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று அறியேன். அவனும் இன்று ஒரு தந்தையாக இருக்கலாம். இந்த ஏடு அவன் கைக்கு எட்டினால், அவனுடைய கேள்வி நல்ல கேள்வி என்பதையும், அவனை உட்கார் என்ற ஆசிரியன் அதற்காக வருந்துகிறான் என்பதையும் அவன் அறியட்டும்.

உள்ளங்களைப் புரட்டுகின்ற வல்ல நாயன், கேட்கும் உள்ளங்களுக்கு அமைதியையும், கேட்கப்படும் நமக்குப் பொறுமையையும் அருள்வானாக! ஆமீன்.